தென்னாப்பிரிக்காவில் குடும்ப வன்முறைப் புகார்: குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா என்று எந்த ஊராக இருந்தாலும், தமிழ் வீட்டு வாசலில் போலீஸ் வேன் வந்து நின்றால் முதல் போன் போவது வக்கீலுக்கு இல்லை, பெரியப்பாவுக்கு. அவரும் வருவார், இரண்டு பக்கமும் பேசுவார், "திங்கட்கிழமை போய் கேஸை வாபஸ் வாங்கிக்கலாம், விடு" என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் இந்த நாட்டுச் சட்டத்தில் அந்த வாக்கியத்துக்கு மதிப்பில்லை. அதை நம்பி அடுத்த இரண்டு நாளில் குடும்பம் செய்யும் காரியங்கள்தான் பல நேரங்களில் முதல் புகாரைவிடப் பெரிய வழக்காக முடிகின்றன.

இது குற்றம் சாட்டப்பட்டவருக்காகவும் அவர் வீட்டாருக்காகவும் எழுதியது. பொய்ப் புகாரில் மாட்டியவரும் படிப்பார், உண்மையிலேயே கை நீட்டியவரும் படிப்பார். இருவருக்கும் நடைமுறை ஒன்றுதான், உரிமைகளும் ஒன்றுதான். புகார் கொடுத்தவரை மிரட்டவோ மனம் மாற்றவோ வழி தேடுபவருக்கு இங்கே எதுவும் இல்லை. அடி வாங்குபவர் நீங்கள் என்றால் மேலே படிக்க வேண்டாம்: போலீஸ் 10111, பாலின வன்முறை உதவி மையம் 0800 428 428. இரண்டாவது எண்ணுக்கு அழைக்கக் கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

படி 1: உங்கள் மேல் இருப்பது ஒரு வழக்கா, இரண்டா?

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் "குடும்ப வன்முறை" என்ற பெயரில் தனிக் குற்றம் கிடையாது. 1998-ஆம் ஆண்டின் 116-ஆம் எண் குடும்ப வன்முறைச் சட்டம் தருவது பாதுகாப்பாணை, அதாவது புகார் கொடுத்தவரைத் தொந்தரவு செய்யாதே என்று நீதிமன்றம் இடும் உத்தரவு. அது சிவில் நடவடிக்கை. அடித்தது, மிரட்டியது, பொருளை உடைத்தது ஆகியவற்றுக்குப் போலீஸ் போடுவது கிரிமினல் வழக்கு. ஒரே சம்பவத்திலிருந்து இரண்டும் கிளம்பலாம். ஒரே கட்டடத்தில், வேறு வேறு அறைகளில், வேறு வேறு தேதிகளில் நடக்கும். ஒன்றுக்குப் போய்விட்டு இன்னொன்றை மறந்தவர்கள் உண்டு.

ஆகையால் கையில் உள்ள தாளை முதலில் பாருங்கள். "இடைக்காலப் பாதுகாப்பாணை" என்று இருந்து, கீழே நீங்கள் நீதிமன்றத்துக்கு வர வேண்டிய தேதி இருந்தால் அது சிவில் பக்கம். போலீஸ் வழக்கு எண் கொடுத்திருந்தாலும், கைது செய்திருந்தாலும், குறிப்பிட்ட நாளில் ஆஜராகும்படி அறிவிப்பு தந்திருந்தாலும் அது கிரிமினல் பக்கம். இரண்டு தேதியையும் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி வையுங்கள்.

கிரிமினல் பக்கம் வழக்கமாக வரும் குற்றச்சாட்டுகள் இவை. சாதாரணத் தாக்குதல்: ஓர் அறை, ஒரு தள்ளல் போதும், காயம் இருக்க வேண்டியதில்லை. கடுங்காயம் விளைவிக்கும் நோக்கத்துடன் தாக்குதல்: கத்தி, கட்டை, கழுத்தைப் பிடித்தல் போன்றவை வந்தால் இந்தப் பக்கம் நகரும். இங்கே பார்ப்பது காயத்தின் அளவை மட்டும் அல்ல, நோக்கத்தையும். வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம்: அவருடைய போனைச் சுவரில் அடித்து உடைப்பது இதில் அடங்கும், அது நீங்களே வாங்கித் தந்த போனாக இருந்தாலும். பிறர் கண்ணியத்தைக் கெடுக்கும் வசைக்குத் தனிக் குற்றம் உண்டு. மனைவியின் சம்மதமின்றி உறவு கொள்வது வன்புணர்ச்சிதான், கணவன் என்ற விலக்கு 1993-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. கடைசியாக, பாதுகாப்பாணையை மீறுதல். அதற்கு மட்டும் அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம்.

குழந்தையை "கண்டிக்க" அடித்தேன் என்பதும் இனி எடுபடாது. பெற்றோருக்கு இருந்த அந்தப் பழைய எதிர்வாதத்தை அரசமைப்பு நீதிமன்றம் 2019 செப்டம்பரில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

யார் மீது புகார் கொடுக்கலாம் என்பதும் பலரை ஆச்சரியப்படுத்தும். சட்டத்தின் கண்ணில் குடும்ப உறவு என்பது மிக அகலமானது. கோவிலில் தாலி கட்டி, பதிவே செய்யாமல் வாழ்ந்தாலும் அது குடும்ப உறவுதான். நிச்சயதார்த்தம் முடிந்தவர்கள், காதலர்கள், விவாகரத்தானவர்கள், ஒரே வீட்டில் இருந்தவர்கள், ரத்த உறவு, திருமண வழி உறவு எல்லாரும் வருவார்கள். மருமகள் மாமியார் மீது கொடுக்கலாம், மாமியார் மருமகள் மீது கொடுக்கலாம். கணவனும் மனைவி மீது கொடுக்கலாம். சாட்ஸ்வொர்த் பக்கம் "சுகர்ஸ்" போதையில் விழுந்த மகன் வீட்டுச் சாமானை விற்கிறான், பணம் கேட்டு அடிக்கிறான் என்று வயதான அம்மா நீதிமன்றப் படியேறுவது புதிய காட்சியில்லை. அந்த மகனுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும்.

2021-ல் நிறைவேறி 2023 ஏப்ரல் 14 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் வன்முறையின் வரையறையையும் விரித்தது. கட்டுப்படுத்தும் நடத்தை, வற்புறுத்தும் நடத்தை, ஆன்மிக வன்முறை, முதியோரைக் கொடுமைப்படுத்துதல், குழந்தையின் கண்முன்னே வன்முறை நடத்துதல் எல்லாம் இப்போது சட்டத்திலேயே உள்ளன. சம்பளத்தைப் பிடுங்கி வைப்பது, பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பது போன்றவற்றை "குடும்ப விஷயம்" என்று சொல்லித் தப்ப இடமில்லை.

படி 2: கைது, முதல் இரவு, வாய்

சம்பவ இடத்துக்கு வரும் போலீசுக்கு, வன்முறை கலந்த குற்றம் நடந்ததாக நியாயமான சந்தேகம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்ய அதிகாரம் உண்டு. வாசலில் நின்று வாதாடாதீர்கள். கையை உதறினால் அதுவே இன்னொரு குற்றச்சாட்டு.

உங்கள் உரிமைகள் அரசமைப்பின் 35-ஆம் பிரிவில் இருக்கின்றன: மௌனமாக இருக்கலாம், வக்கீலைக் கேட்கலாம், ஏன் கைது என்று தெரிந்துகொள்ளலாம். கைரேகை கொடுக்க மறுக்க முடியாது. ஆனால் வாக்குமூலம் கொடுக்க மறுக்கலாம். எச்சரிக்கை வாக்குமூலம் என்ற படிவத்தை நீட்டி "நடந்ததைச் சொல்லுங்க" என்பார்கள். "வக்கீலிடம் பேசிவிட்டு நீதிமன்றத்தில் சொல்கிறேன்" என்று எழுதச் சொல்லிக் கையெழுத்திடுங்கள். அதனால் யாரும் உங்களைக் குற்றவாளி என்று முடிவு செய்ய முடியாது. நம்மவர்களுக்கு இதுதான் மிகக் கடினம். இரண்டு நிமிடம் விளக்கினால் அதிகாரிக்குப் புரிந்துவிடும் என்று நினைத்து, "ஒரே ஒரு அறைதான் சார், அதுவும் அவ முதல்ல கத்தினா" என்று ஆரம்பிப்பார்கள். அந்த வாக்கியம் தாக்குதலை ஒப்புக்கொண்டுவிட்டது. அவள் கத்தியது எதிர்வாதமே இல்லை.

கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அந்தக் கெடு விடுமுறை நாளில் முடிந்தால் அடுத்த நீதிமன்ற நாள் வரை நீளும். வெள்ளி இரவு பிடிபட்டால் திங்கள்தான். ஈஸ்டர் விடுமுறை என்றால் இன்னும் நீளம். முன்பு ஸ்டேஷனிலேயே பணம் கட்டி இரவோடு இரவாக வீடு வந்தவர்களின் கதையைப் பெரியப்பா சொல்வார். அது பழைய கதை. 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, குடும்ப உறவில் உள்ளவருக்கு எதிரான குற்றத்தில் போலீஸ் பிணையும் கிடையாது, பிராசிக்யூட்டர் (அரசுத் தரப்பு வக்கீல்) தரும் பிணையும் கிடையாது. மாஜிஸ்ட்ரேட் முன்னால்தான் பிணை. ஸ்டேஷனில் யாராவது பணம் வாங்கிக்கொண்டு விடுவதாகச் சொன்னால் அது பிணையில்லை, லஞ்சம்.

வெளிநாட்டுக் குடிமகனாக இருந்தால் உங்கள் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கலாம். இந்தியாவுக்கு டர்பன், ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் மூன்றிலும் துணைத் தூதரகம் உண்டு. இலங்கைக்குப் பிரிட்டோரியாவில் தூதரகம். அவர்கள் வழக்கை நடத்த மாட்டார்கள். ஆனால் குடும்பத்துக்குச் செய்தி சொல்ல உதவுவார்கள்.

அந்த முதல் இரவில் வெளியே இருக்கும் வீட்டார் செய்யக் கூடாதது: புகார் கொடுத்தவருக்கு போன் செய்வது, அவர் அம்மா வீட்டுக்குப் போய் நிற்பது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது. செய்ய வேண்டியது: மருந்துச்சீட்டு, வேலைக் கடிதம், வீட்டு முகவரிச் சான்று, பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றைத் தேடி எடுத்து வைப்பது. பிணைக்கு இவைதான் பேசும்.

படி 3: வக்கீலும் மொழியும்

பணம் இருந்தால் கிரிமினல் வழக்கு நடத்திப் பழகிய அட்டர்னியைப் பிடியுங்கள். வீட்டுப் பத்திரம் எழுதித் தந்தவர் நல்லவராக இருக்கலாம், இது அவர் வேலையில்லை. அவர் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் பதிவானவரா, நடப்பு ஆண்டுக்கான ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்று (கட்சிக்காரர் பணத்துக்குப் பாதுகாப்பு தரும் நிதியின் சான்று) இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். பணம் இல்லையென்றால் லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்கா. ஆலோசனை எண் 0800 110 110. முதல் நாளிலேயே மாஜிஸ்ட்ரேட் கேட்பார்: சொந்த வக்கீலா, லீகல் எய்டா, நீங்களே நடத்துகிறீர்களா? மூன்றாவதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஜுலு மொழிபெயர்ப்பாளர் டர்பன் நீதிமன்றங்களில் எப்போதும் இருப்பார். தமிழுக்கு ஆளை வரவழைக்க வேண்டியிருக்கும். அரசமைப்பின் 6-ஆம் பிரிவு தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு மதிக்கச் சொல்கிறது. உங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது அதைவிட 35-ஆம் பிரிவுதான். புரியும் மொழியில் விசாரணை, முடியாவிட்டால் மொழிபெயர்ப்பு என்பது உங்கள் உரிமை. முதல் ஆஜரிலேயே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் தெரியும் என்று கௌரவத்துக்காகத் தலையாட்டி, குறுக்கு விசாரணையில் திணறுவது வேண்டாத வேதனை. மச்சானை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்கவும் கூடாது. தமிழில் உள்ள குரல்பதிவுகளும் செய்திகளும் சாட்சியமாக வந்தால் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் செய்த பெயர்ப்பையே கேளுங்கள்.

படி 4: பிணை

சாதாரணத் தாக்குதலில் பிணை கிடைப்பது அரிதல்ல. ஆனால் குற்றச்சாட்டு பாதுகாப்பாணையை மீறியது என்றால் நிலைமை தலைகீழ். உங்களை விடுவிப்பது நீதியின் நலனுக்கு ஏற்றது என்று நீங்கள்தான் சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும். 2022 திருத்தம் செய்த பெரிய மாற்றங்களில் இது ஒன்று.

மாஜிஸ்ட்ரேட் எடை போடும் கேள்விகள் எளியவை. ஓடிவிடுவாரா? சாட்சியைத் தொந்தரவு செய்வாரா? மறுபடி அடிப்பாரா? இதற்குப் பதிலாக நீங்கள் வைக்கக்கூடிய மிக வலுவான விஷயம் வேறொரு முகவரி. புகார் கொடுத்தவர் இருக்கும் வீட்டுக்கே திரும்பப் போகிறேன் என்றால் பிணை கடினம். அண்ணன் வீடு, நண்பர் வீடு, வாடகை அறை ஏதாவது ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, அந்த வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதத்துடன் போங்கள். அதே மனையின் பின்பக்க அவுட்பில்டிங்கை முகவரியாகக் கொடுக்காதீர்கள். நம் வீடுகளில் இதைத்தான் முதலில் யோசிப்பார்கள்.

பிணை மனுவில் சொல்வது விசாரணையில் உங்களுக்கு எதிராகவே பயன்படலாம், நீதிமன்றமும் அதை எச்சரிக்கும். ஆகவே சம்பவத்தின் கதையை முழுக்கச் சொல்லாமல், பெரும்பாலான வக்கீல்கள் பிரமாண வாக்குமூலமாக எழுதித் தருவார்கள். பிணை கொடுக்கும்போது, அதுவரை பாதுகாப்பாணை இல்லையென்றால், விசாரித்து ஒன்றைப் பிறப்பிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வெளியே வரும்போது கையில் இரண்டு நிபந்தனைத் தாள் இருக்கலாம். இரண்டையும் வரிக்கு வரி படியுங்கள்.

படி 5: இடைக்கால ஆணை வந்த பிறகு

உங்களைக் கேட்காமலே அது பிறந்திருக்கும். அது அநியாயம் என்று தோன்றும், ஆனால் சட்டப்படி சரி. முதல் பார்வைக்குச் சான்றிருந்து, உடனே ஆணை தராவிட்டால் தீங்கு வரலாம் என்று தோன்றினால் நீதிமன்றம் ஒருதலையாகத் தரலாம். உங்கள் முறை மறு விசாரணை நாளில் வரும். ஆணை உங்கள் கைக்கு வந்து குறைந்தது 10 நாள் கழித்துத்தான் அந்த நாள் இருக்கும். அவ்வளவு காத்திருக்க முடியாது, வீட்டுக்குள்ளேயே போக முடியவில்லை என்றால், எதிர்த்தரப்புக்கும் நீதிமன்றத்துக்கும் 24 மணி நேர எழுத்து அறிவிப்பு கொடுத்து அந்த நாளை முன்னுக்குக் கொண்டு வரலாம். இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆணையோடு கைது வாரண்ட் ஒன்றும் சேர்ந்தே பிறக்கிறது. நிறுத்தி வைக்கப்பட்ட வாரண்ட் அது. நீங்கள் மீறியதாகப் புகார்தாரர் ஒரு வாக்குமூலத்தோடு அந்த வாரண்டைப் போலீசிடம் நீட்டினால், தீங்கு நேரும் என்று நம்ப இடமிருந்தால் கைது. இந்த ஏற்பாடு அரசமைப்புக்கு விரோதம் என்று ஒமர் என்பவர் தொடுத்த வழக்கில், 2005-ல் அரசமைப்பு நீதிமன்றம் ஏற்பாடு சரியே என்று தீர்த்தது. அதே சட்டத்தில் எதிர்ப்பக்கத் தாழ்ப்பாளும் உண்டு: அந்த வாக்குமூலத்தில் தெரிந்தே பொய் சொன்னால் 2 ஆண்டு வரை சிறை.

இப்போது இந்த வழிகாட்டியின் நடு மையம். ஆணையை மீறுவது எப்படி நடக்கிறது? சுவர் ஏறிக் குதித்து அல்ல. "பிள்ளைக்கு ஜுரமாம், எப்படி இருக்கு?" என்று ஒரு வாட்ஸ்அப். "கொஞ்சம் சொல்லு அவகிட்ட" என்று சின்னம்மாவை அனுப்புவது. ஆணையில் வழக்கமாக வேறொருவர் உதவியை நாடுவதும் தடுக்கப்பட்டிருக்கும். அப்போது சின்னம்மா போனாலும் மீறியவர் நீங்கள். கோவில் இன்னொரு கண்ணி. பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு இரு பக்கமும் வந்துதான் தீரும். தூரக் கட்டுப்பாடு உள்ள ஆணை என்றால் கூட்டம் என்பது சாக்காகாது. இதுபோன்ற இடங்கள் பிரச்சினை என்றால் வக்கீல் மூலம் முன்னதாகவே நீதிமன்றத்தில் ஆணையை மாற்றக் கேளுங்கள்.

அதைவிட விஷமமான நிலை: புகார் கொடுத்தவரே அழைப்பார். "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்." நீங்கள் போவீர்கள், இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் சண்டை, வாரண்ட். அவர் அழைத்தது ஆணையைக் கலைக்காது. நீதிமன்றம் மாற்றும் வரை அல்லது நீக்கும் வரை ஆணை ஆணைதான். நீக்கும்படி அவரே விண்ணப்பித்தாலும், சுயவிருப்பத்தோடு கேட்கிறாரா என்று நீதிமன்றம் பார்க்கும். உண்மையாகவே சமாதானம் என்றால் முதலில் நீதிமன்றம், பிறகு வீடு.

துணிமணி, மருந்து, வேலைக் கருவி எடுக்க வேண்டுமா? போலீஸ் துணையோடு போகும்படி ஆணையில் வழி கேளுங்கள். குழந்தைகளைப் பார்க்கும் நாளும் நேரமும் அதிலேயே எழுதப்பட வேண்டும். செலவுக்கு அவசரப் பணம் கொடுக்கும்படி உத்தரவு வந்திருந்தால் அதைக் கட்டி ரசீது வையுங்கள், கட்டாமல் விடுவதும் மீறல். துப்பாக்கி இருந்தால் பறிமுதல் செய்ய உத்தரவிடலாம், அதைத் தம்பி வீட்டில் ஒளித்து வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம்.

படி 6: மறு விசாரணை நாள்

கட்டாயம் போங்கள். போகாவிட்டால், ஆணை உங்களுக்குச் சரியாகச் சார்வு செய்யப்பட்டது (முறைப்படி உங்களிடம் சேர்க்கப்பட்டது), முதல் பார்வைச் சான்று உண்டு என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால் இறுதி ஆணை வந்துவிடும். இறுதி ஆணைக்குக் காலாவதி கிடையாது, நீக்கும் வரை இருக்கும். மேல்முறையீடு செய்தாலும் அது தானாக நிற்காது.

முன்னதாகவே பதில் வாக்குமூலம் தாக்கல் செய்யுங்கள். "எல்லாம் பொய்" என்ற ஒற்றை வரி போதாது. புகாரில் உள்ள ஒவ்வொரு தேதிக்கும் எதிரே நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன நடந்தது, அதற்கு என்ன தாள் இருக்கிறது என்று எழுதுங்கள். ஷிஃப்ட் அட்டை, மருத்துவமனைச் சீட்டு, வங்கிக் கணக்கு, செய்திகளின் முழுத் தொடர். வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட் உங்களையே கடிக்கும், மீதியை எதிர்த்தரப்பு வைத்திருக்கும். நீங்கள் பங்கெடுத்த உரையாடலைப் பதிவு செய்வது சட்டப்படி சரி. நீங்கள் இல்லாத உரையாடலை அவர் போனில் உளவு ஆப் போட்டுப் பிடிப்பது குற்றம், அதோடு அதுவே புது வன்முறைப் புகார்.

இங்கே நிரூபண அளவு சிவில் அளவு: எந்தப் பக்கம் அதிகம் சாத்தியம் என்பது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். ஆதரவுக்காக ஒவ்வொரு பக்கமும் மூன்று பேர் வரை வரலாம், ஊரைத் திரட்டிக்கொண்டு போக வேண்டாம். வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தினால், புகார்தாரரை நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்ய விடாமல், உங்கள் கேள்வியை மாஜிஸ்ட்ரேட் வழியாகக் கேட்கச் சொல்லலாம்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஆணைக்குச் சம்மதிக்கும் வழியும் உண்டு, பல வக்கீல்கள் அதைப் பரிந்துரைப்பார்கள். பிரிந்து வாழ்வது உறுதியாகிவிட்டால் அது நல்ல யோசனைதான். ஒரே வீட்டில் வாழப் போகிறீர்கள் என்றால் யோசித்துச் செய்யுங்கள். நாளை வரும் சின்னச் சண்டையும் மீறலாகும். பாதுகாப்பாணை மட்டும் குற்றப் பதிவு ஆகாது. மீறித் தண்டனை வாங்கினால்தான் பதிவு. "அவளும் என்னை அடித்தாள்" என்பது உண்மையானால், பதிலுக்கு நீங்களும் மனுப் போடலாம். பழி வாங்கப் போட்டது என்று நீதிமன்றம் கண்டுகொண்டால் செலவுத் தொகையும் உங்கள் தலையில் விழலாம்.

படி 7: கிரிமினல் விசாரணைக்குத் தயாராவது

முதலில் டாக்கெட் (போலீசின் வழக்குக் கோப்பு) நகல் கேளுங்கள். சாட்சிகளின் வாக்குமூலங்களைக் குற்றம் சாட்டப்பட்டவர் பார்க்கும் உரிமை 1995-ல் ஷபலாலா வழக்கில் உறுதியானது. அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஜே 88 என்ற மருத்துவப் படிவம். ஆர்.கே. கான் மருத்துவமனையிலோ வேறெங்கோ மருத்துவர் அன்றே எழுதியது. எந்தப் பக்கக் கன்னம், எத்தனை மணி, புதுக் காயமா பழையதா என்பதை வாக்குமூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வக்கீலின் முதல் வேலை. உங்கள் உடம்பிலும் கீறல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து அது ஆறிவிடும், ஆதாரமும் போய்விடும்.

நிரூபிக்கும் சுமை முழுக்க அரசுத் தரப்பின் மேல். நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். நீங்கள் சொல்வது உண்மையாக இருக்க நியாயமான வாய்ப்பு இருந்தாலே விடுதலை. குடும்ப வன்முறை வழக்கிலும், நிரூபிக்கும் வரை நீங்கள் குற்றமற்றவர் என்ற அனுமானம் தளராது என்று 1999-ல் பலோயி வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒரே சாட்சியை வைத்தும் தண்டிக்கலாம். "யாரும் பார்க்கலையே" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். நாலு சுவருக்குள் நடப்பதற்கு வேறு சாட்சி ஏது?

எதிர்வாதங்களில் அடிக்கடி வருவது தற்காப்பு. தாக்குதல் நடந்துகொண்டிருந்தது அல்லது உடனே நடக்கவிருந்தது, தடுக்க வேறு வழியில்லை, நீங்கள் பயன்படுத்திய பலம் அளவுக்கு மீறவில்லை என்பவை தேவை. அவர் கரண்டியை வீசிவிட்டுத் திரும்பிப் போன பிறகு பின்னால் போய் அடித்தால் அது தற்காப்பல்ல, பழிவாங்கல். தற்செயல் என்பதும் எதிர்வாதம்தான்: கதவைச் சாத்தும்போது விரல் மாட்டியது போன்றவை. ஆணை மீறிய வழக்கில், ஆணை உங்களுக்குச் சார்வு செய்யப்பட்டதா, அதில் இருந்தது உங்களுக்குப் புரியும்படி தெரிவிக்கப்பட்டதா, வேண்டுமென்றே மீறினீர்களா என்று மூன்று இடத்தில் கேள்வி எழுப்பலாம். குடித்திருந்தேன் என்பது எதிர்வாதமல்ல, 1988-லேயே அதற்குத் தனிச் சட்டம் போட்டு அடைத்துவிட்டார்கள். கோபமூட்டினாள் என்பது தண்டனையைக் குறைக்கப் பேச உதவலாம், விடுதலைக்கு உதவாது.

பெரியப்பாவின் "வாபஸ்" இங்கேதான் உடைகிறது. வழக்கு புகார்தாரருடையது அல்ல, அரசுடையது. அவர் பிராசிக்யூட்டரிடம் போய்த் தன் விருப்பத்தைச் சொல்லலாம், முடிவு பிராசிக்யூட்டர் கையில். ஆணை மீறிய வழக்கை விலக்கிக்கொள்ள பிராசிக்யூட்டருக்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். மனைவி கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்ற பழைய விதிக்கும் விலக்கு உண்டு: தன் மீதோ குழந்தை மீதோ நடந்த தாக்குதல் என்றால் அவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தலாம். இதற்கிடையே அவரை வாக்குமூலத்தை மாற்றச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், நீதியின் போக்கைத் தடுத்ததாக வற்புறுத்தியவர் மேலும் வழக்கு, உங்கள் பிணையும் போகும்.

படி 8: வாதாடுவதா, ஒப்புக்கொள்வதா?

டாக்கெட்டைப் படித்த பிறகு வக்கீலோடு உட்கார்ந்து பேச வேண்டிய முடிவு இது. நடந்தது நடந்ததுதான் என்றால், பிராசிக்யூட்டரோடு பேசி ஒப்புக்கொள்ளும் உடன்பாட்டுக்கு வரலாம். கடுங்காயக் குற்றச்சாட்டு சாதாரணத் தாக்குதலாகக் குறையலாம். முதல் தடவை, சிறிய காயம் என்றால் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையும், நைக்ரோ போன்ற அமைப்புகளின் நடத்தை மாற்றப் பயிற்சியும் கிடைக்க வாய்ப்புண்டு. குடி அல்லது போதைதான் வேர் என்றால், தண்டனை நாளுக்கு முன்பே சிகிச்சையில் சேர்ந்து அந்தத் தாளோடு நிற்பது, நூறு மன்னிப்பு வார்த்தையைவிட மேல். நடக்கவில்லை என்றால், வழக்கு இழுத்தாலும் வாதாடுங்கள்.

"சின்ன அபராதம், கட்டிட்டுப் போங்க" என்று நீட்டப்படும் ஒப்புதல் அபராதச் சீட்டுக்குக் கவனம். அதைக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது, குற்றப் பதிவாக நிற்கலாம். ஆறு வருடம் கழித்து வேலைக்கோ நிரந்தர வசிப்புரிமைக்கோ போலீஸ் சான்று எடுக்கப் போகும்போதுதான் பலருக்கு அது தெரிய வருகிறது. வேலை விசாவிலோ துணைவர் விசாவிலோ இருப்பவர்கள் எதிலும் கையெழுத்திடும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். விசா புகார் கொடுத்தவரின் பெயரில் நிற்கிறது என்றால் இது இன்னும் அவசரம்.

தண்டனை ஆகிவிட்டாலும், சிறிய தண்டனைகளை 10 ஆண்டுகளுக்குப் பிறகு பதிவிலிருந்து நீக்கக் கேட்டு நீதித்துறைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு இடையில் புதிதாகச் சிறைத் தண்டனை எதுவும் வந்திருக்கக் கூடாது. இறுதிப் பாதுகாப்பாணை வேறு கோப்பு, அது தானாக மறையாது. சூழ்நிலை மாறிவிட்டது என்று காட்டி, அதைப் பிறப்பித்த நீதிமன்றத்திலேயே தனியாக மனுப் போட வேண்டும்.